பயறு பார்க்க வந்தவர்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் பூவும் பழமும் மட்டும் கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்தத் தாம்பாளத்தில் ஒரு பொட்டலம் பயறும் சேர்ந்து வருகிறது. மணப்பெண்ணின் பின்னலில் ஒரு கற்றை முடியைக் கத்தரித்து, அகலில் எரித்து, சாம்பலை எலுமிச்சைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரில் பயறை முளைக்க வைப்பார்கள். இரண்டாவது இலை விரிகிற சமயத்தில் மறுபடியும் வந்து பார்ப்பார்கள். இலை பச்சையாக இருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வார்கள். மஞ்சளாக இருந்தால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "ஜாதகத்தை இன்னொரு தடவை பாக்கச் சொல்லிக்கீறாங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். யாரும் மனம் நோகப் பேசுவதில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

அந்தப் பயறை உண்டாக்கியவர்களில் முதல் ஆள் சங்கவி. சென்னையில் ஒரு விதை ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. எந்த வயலில் ஈயம் ஊறியிருக்கிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பதை ஒரு விவசாயி யார் தயவும் இல்லாமல் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவள் அதைச் செய்தாள். மண்ணுக்கென்று செய்ததை ஜனங்கள் மனுஷிக்கென்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு மாமியாருக்குத்தான் அது முதலில் தோன்றியிருக்க வேண்டும். அந்த மாமியாரைச் சந்தித்தால் கையெடுத்துக் கும்பிடுவதா, கழுத்தைப் பிடிப்பதா என்று சங்கவி பல நாள் யோசித்ததுண்டு.

இப்போது அதே பயறு அவள் தங்கை மோனிஷாவைப் பார்க்க வருகிறது.

சனிக்கிழமை காலையில் அவள் சாத்தங்குப்பத்தில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே, அம்மா குமுதா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். மேடைமேல் ஒரு கிண்ணம் நிறையப் பாசிப்பயறு இருந்தது.

"இது இன்னாம்மா, சாயந்தரத்துக்குச் சுண்டலா?"

"சுண்டல் இல்லடி. மளிகைக் கடைப் பயறு." குமுதா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு அவங்க பொட்டலத்தைப் பிரிச்சி, நீ படிச்சவளாச்சே, சரியா கீதான்னு பாருன்னு உன் கையிலதான் கொடுப்பாங்க. அப்ப இதை மாத்திப் போட்டுடு. சாதாப் பயறு எவ்ளோ ஈயத்தையும் தாங்கும்னு நீதானே சொன்னே. பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே கீது."

"நான் செஞ்ச பயறை நானே ஏமாத்தணுமா?"

"போன தடவை செய்யார்க்காரங்க வந்தப்ப நீ இங்க இல்ல. இலை பூவரசம்பூ மாதிரி மஞ்சளா நின்னுச்சி. இவ அந்தத் தட்டைத் தூக்கிக்கினு மொட்டை மாடிக்குப் போனவ, இருட்டற வரைக்கும் இறங்கி வரல. இந்தப் பையன் அப்படி இல்ல சங்கவி. அவளே ஆசைப்பட்ட பையன். தெனம் ஒரே பஸ்ல போய் வந்து பழகினவங்க."

குமுதா பேசிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். சாத்தங்குப்பம் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருந்த ஈயத்தை உருக்கி விற்றுச் சோறு தின்ற ஊர். இந்த வீட்டுப் புழக்கடையிலும் ஒரு பட்டறை இருந்தது. பெண்கள் இரண்டு பேரையும் கல்லூரி வரைக்கும் அனுப்பியது அந்தப் பட்டறைதான். அப்பா தனசேகர் போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பை இடித்துவிட்டார்கள். புகை போய்விட்டது. மற்றது போகவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள் குமுதா, கையைத் துடைத்துக்கொண்டே. "ஓடறா, ஆடறா, ஸ்கூல்ல அத்தினி புள்ளைங்களைக் கட்டி மேய்க்கறா. ஒரு இலை மஞ்சளானா அவளுக்கு இன்னா வியாதி?"

சங்கவி இதைக் கூட்டங்களில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"இலைக்குப் பச்சை நிறம் வரணும்னாலும், நம்ம ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் வரணும்னாலும், முதல்ல ஒரே மாதிரி வேலை ஒண்ணு நடக்கணும்மா. அந்த வேலையைச் செய்யறதுக்கு ஒரு நொதி இருக்குது, என்சைம்னு சொல்லுவாங்களே, அது. செடியோடது கொஞ்சம் முரடு. ஈயம் வந்தாலும் ஓரளவு தாங்கிக்கும். நம்மோடது தொட்டாச்சிணுங்கி. துளி ஈயம் பட்டாலும் வேலையை நிறுத்திடும். நாங்க மனுஷனோட நொதியைத்தான் இந்தப் பயறுல வெச்சோம். அதான் சீக்கிரம் மஞ்சளாகுது. வேரும் குட்டையா, நுனி கருகி நின்னுடும்."

"அப்ப அது பயறு இல்ல. பாதி மனுசன்."

"அப்படித்தான் வெச்சுக்கோயேன். சுண்டல் மட்டும் பண்ணிடாதே."

குமுதா சிரிக்கவில்லை.

"ஈயம் எலும்புக்குள்ள சுண்ணாம்பு மாதிரி போய் உக்காந்துக்கும்மா. வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாது. வயித்துல புள்ளை வளரும்போது அம்மாவோட எலும்பு கரைஞ்சுதான் அதுக்குச் சுண்ணாம்பு போகும். கூடவே ஈயமும் போகும். என் புள்ளை கௌதமுக்கு நாலு வயசு வரைக்கும் பேச்சு வராம நான் அலைஞ்சது உனக்கு மறந்துடுச்சா?"

குமுதாவுக்கு மறக்கவில்லை. அவள் புழக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்தக் கிண்ணத்தை ஒரு தட்டால் மூடினாள்.

"ரெண்டு பேரும் கிசுகிசுன்னு பேசுனா பயறு முளைக்காதாம்" என்று சொல்லிக்கொண்டே மோனிஷா உள்ளே வந்தாள். தலை குளித்து, ஈரத்துண்டைச் சுற்றியிருந்தாள். தட்டை நீக்கிப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, கிண்ணத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இதை நான் ராத்திரிக்குக் குழம்பு வெச்சிடறேன்."

"உனக்குப் பயமா இல்லையாடி?" என்றாள் சங்கவி.

"பயந்தா முடியில கீற ஈயம் உதிர்ந்துடுமா? விதைங்க. வர்றது வரட்டும்."

அந்த நிதானம் சங்கவிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயறை மாற்றுவதில்லை என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். ஆனால் இலை மஞ்சளானால் தலை குனிய வேண்டியது பெண் மட்டுமே என்பதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சகுந்தலாவுக்குப் போன் செய்தாள்.

சகுந்தலா மேலப்பேட்டில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக மகன் ரஞ்சித்தை வளர்த்து, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக ஆக்கியவள். பேச்சு எப்போதும் கரண்டியால் தட்டுகிற மாதிரி இருக்கும்.

"அத்தை, ஒரே ஒரு வேண்டுகோள். ரஞ்சித் முடியையும் கொஞ்சம் எடுத்து இன்னொரு தட்டுல பயறு வெச்சிடலாம்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"ஆம்பளப் புள்ளைக்கு எங்கனா பயறு வெப்பாங்களா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும் அத்தை. பொறக்கப் போற குழந்தை ரெண்டு பேரோடதும்தானே."

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று சங்கவி போனைப் பார்த்தாள்.

"சரி" என்றாள் சகுந்தலா. "ஆனா பொட்டலம் நான்தான் கொண்டாருவேன். விதைக்கறதும் என் கையாலதான். எங்க பக்கத்து வழக்கம் அது."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கூடத்தில் இரண்டு மண்தட்டுகள் வைத்தார்கள். மோனிஷாவின் பின்னலில் கற்றை எடுப்பது சுலபமாக இருந்தது. ரஞ்சித் தலையை ஒட்ட வெட்டியிருந்தான்.

"இவன் தலையில கத்தரிக்க இன்னா கீது? புல்லு மேஞ்ச தரை மாதிரி கீது" என்றாள் குமுதா.

"தாடியில எடுத்துக்கோங்க அத்தை. வேணும்னா மீசையும் தர்றேன். சாப்பாடு மட்டும் முன்னாடியே போட்டுடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சகுந்தலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துச் சங்கவியிடம் நீட்டினாள். நிலையத்தின் முத்திரை இருந்தது. ஓரம் ஒட்டியபடி இருந்தது. சங்கவி தலையாட்டினாள். சகுந்தலா பொட்டலத்தைக் கிழித்து, இரண்டு தட்டிலும் பயறைத் தூவி, அவரவர் சாம்பல் தண்ணீரைத் தெளித்தாள். அவள் விரலில் புதுத் தீக்காயம் ஒன்று இருந்தது. அடுப்படியில் நிற்கிறவள், சுடாதா என்று சங்கவி நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு சென்னையில் இருந்த நாட்களில் அவளுக்கு வேலை ஓடவில்லை. இலை மஞ்சளாகத்தான் வரும். அவளுக்குத் தெரியும். வந்தபின் சகுந்தலாவை உட்கார வைத்து, இது பெண்ணின் குற்றம் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் மருந்தும் கொடுத்துச் சில வருஷம் பொறுத்தால் குறையும் என்றெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகாமல் அவளைப் பிடித்து வைக்க எந்த வார்த்தை உதவும் என்று ராத்திரியெல்லாம் தனக்குள் பேசிப் பார்த்தாள்.

அந்த வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை.

பயறு பார்க்கும் நாளில் அவள் வந்து சேர்வதற்குள் வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். குமுதா வாசலுக்கே ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பச்சைடி. ரெண்டு தட்டும் கரும்பச்சை. வந்து பாரு."

இரண்டு தட்டிலும் பயறு செழித்து நின்றது. ஒரு இலையில்கூட மஞ்சள் இல்லை. சங்கவிக்கு முதலில் உடம்பெல்லாம் இளகியது. நம் கணக்கு தப்பு, இவள் எலும்பில் ஒன்றும் இல்லை, செய்யார்க்காரர்கள் பார்த்த பழைய தட்டில்தான் ஏதோ கோளாறு. அப்படி நம்ப அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் கைக்கு அந்த ஆசை தெரியவில்லை. அது பழக்கத்தில் இலைகளை விலக்கித் தண்டின் அடியைப் பார்த்தது.

தண்டு வெள்ளையாக இருந்தது.

சோதனைப் பயறு சாப்பாட்டுப் பயறோடு கலந்துவிடக் கூடாது என்று அவர்கள் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். முளையின் அடித்தண்டில் கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அது போட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை. சங்கவி இன்னொரு முளையை விலக்கினாள். பிறகு அடுத்த தட்டில் ஒன்றை. எங்கும் கோடு இல்லை. இரண்டு தட்டிலும் இருந்தது மளிகைக் கடைப் பயறு.

அம்மாவா? விதைத்த அன்றைக்கு அம்மா தட்டுப் பக்கமே போகவில்லை. சங்கவி தலை நிமிர்ந்தபோது சகுந்தலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கை கழுவிக்கினு வர்றேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் புழக்கடைக்கு நடந்தாள்.

சங்கவி பின்னாலேயே போனாள்.

பட்டறை இருந்த இடத்தில் இன்னமும் புல் முளைக்கவில்லை. குமுதா வைத்த பப்பாளிக் கன்று ஒன்று இடுப்பு உயரத்தில், சுருண்ட இலைகளோடு, வளரவும் முடியாமல் சாகவும் முடியாமல் நின்றது. சகுந்தலா அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நீ கண்டுபுடிச்சிட்டே" என்றாள்.

"ஏன் அத்தை?"

"இந்த ஊரு எனக்குப் புதுசில்ல கண்ணு. பக்கத்துத் தெரு பட்டறையிலதான் எங்க வூட்டுக்காரர் ஈயம் காச்சினாரு. ரஞ்சித்து தவழ்ந்தது அந்தச் சாம்பல்லதான். மண்ணை வாரி வாயில போட்டுக்குவான், அடிச்சாலும் கேக்க மாட்டான். அவரு ரத்தம் சுண்டிச் செத்த மறுவாரம் புள்ளையைத் தூக்கிக்கினு ஓடிட்டேன். இந்த ஊர்ப் பேரை யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்கம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியல. அவனுக்கே அரைகுறையாத்தான் தெரியும்." அவள் முந்தானையால் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். "நீ பாட்டுக்குப் போன் பண்ணி அவன் முடியும் வேணும்னுட்டே. வேணாம்னா ஏன்னு கேப்பே. நான் இன்னா பண்றது?"

"மோனிஷா தட்டுல ஏன் மாத்துனீங்க?"

"ஒண்ணுல மட்டும் மாத்த ஒரே பொட்டலத்துல எப்படி முடியும்? அதுவும் இல்லாம..." சகுந்தலா கொஞ்சம் தயங்கினாள். "உன் தங்கச்சியை எனக்குப் புடிச்சிருக்குது. போன மாசம் என் வீட்டுக்கு வந்தா. நான் வலி தாங்காம காலை நீட்டிக்கினு உக்காந்துக்கீறேன், கேக்காமலே வெந்நீர் வெச்சி எடுத்தாந்தா. அவ இலை மஞ்சளா போறதைப் பாக்க எனக்கு மனசு இல்ல."

சங்கவி பப்பாளிக் கன்றின் சுருண்ட இலை ஒன்றை விரலால் நிமிர்த்தினாள்.

"நீ பெரிய தப்பா நினைக்காதே. நான் மட்டும் இல்ல. எங்க பக்கத்துல பாதிக் கல்யாணம் இப்ப மளிகைக் கடைப் பயறுலதான் நடக்குது. பொட்டலம் ஒட்டித் தர்றதுக்கே ஆள் கீறாங்க."

பயறு வைக்கிறவர்கள் இலையைப் படம் எடுத்து நிலையத்துக்கு அனுப்புவது வழக்கம். போன மாதக் கூட்டத்தில், இந்த வட்டாரத்தில் மஞ்சள் இலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று அந்தப் படங்களை வைத்துத்தான் இயக்குநர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். சங்கவியும் தட்டினாள். மண் சுத்தமாகி வருகிறது என்று, மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் வேலையை மூன்று ஊர்களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அவளுக்கு அந்தப் புழக்கடையிலேயே உட்கார வேண்டும் போல இருந்தது. அந்த மண்ணில் உட்காரவும் தோன்றவில்லை.

"உள்ளே போய்ச் சொல்லிடுவியா?" என்றாள் சகுந்தலா. கரண்டி தட்டுகிற குரல் எங்கேயோ போயிருந்தது.

"தெரியல அத்தை" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போனாள்.

மோனிஷா உள்ளறையில் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரஞ்சித் ஜன்னல் பக்கம் நின்று போனில் யாரையோ சாப்பிட வரச் சொல்லிக்கொண்டிருந்தான். சங்கவி கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு பேரும் கேளுங்க. இதைக் கேட்ட பிறகு நீங்க என்ன முடிவெடுத்தாலும் சரி. ஆனா தெரியாம எடுக்கக் கூடாது. அந்தத் தட்டுல இருக்கறது என்னோட பயறு இல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிர்ந்த பார்வையாக அது இல்லை.

"வெள்ளைத் தண்டு" என்றாள் மோனிஷா. "முளை விட்ட அன்னைக்கே பாத்துட்டேன்க்கா. நீ முதமுதல்ல இந்தப் பயறை நம்ம மொட்டை மாடியிலதானே போட்டுப் பார்த்தே? அதுக்குத் தண்ணி ஊத்தினது யாரு?"

"எங்கம்மா மெழுகுவத்தி வெச்சிப் பொட்டலத்தை ஒட்டினப்போ நான் வாசல்ல நின்னு பாத்துட்டேன்க்கா" என்றான் ரஞ்சித். "பாவம், கையைச் சுட்டுக்கிச்சு. தோசைக்கல்லுன்னு சொல்லிச்சு."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"எங்களுக்குப் பயறே தேவைப்படலக்கா" என்றாள் மோனிஷா. "செய்யார்க்காரங்க போனப்புறம் நான் பெரியாஸ்பத்திரியில ஈயம் எவ்ளோன்னு பாக்க ரத்தம் கொடுத்தேன். இவர்கிட்ட பழக ஆரம்பிச்சதும் முதல்ல அதைத்தான் சொன்னேன். ஓடிப் போயிடுவாருன்னு பாத்தேன். மறுநாள் இவரும் போய் ரத்தம் கொடுத்துட்டு வந்து நிக்கறாரு. என்னோடதைவிட இவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

"அதுல மட்டும் இவளை ஜெயிச்சேன்" என்றான் ரஞ்சித்.

சங்கவி கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப குழந்தை?"

மோனிஷா புடவையின் ஓரத்தை விரலால் நீவினாள். "மருந்து சாப்பிடறேன். டாக்டரம்மா, குறையட்டும், குறைஞ்சா பாக்கலாம்னு சொல்லிக்கீறாங்க. குறையாமலும் போகலாமாம். குறையலன்னா பெத்துக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். கௌதம் 'அம்மா'ன்னு சொல்லணும்னு நீ காத்துக் கிடந்தியே, நான்தானே கூட இருந்தேன். என்னால அது முடியாதுக்கா."

"இதை அம்மாகிட்டயும் அத்தைகிட்டயும் சொல்ல வேண்டாமா?"

"சொன்னா நம்ம அம்மா அப்பாவை நினைச்சி அழும். அந்தப் பட்டறையில சோறு தின்னு வளர்த்துட்டோமேன்னு."

"எங்கம்மா என்னை இந்த மண்ணுல விட்டதுக்கு ஆயுசுக்கும் மார்ல அடிச்சிக்கும்" என்றான் ரஞ்சித். "அது கஷ்டப்பட்டு மெழுகுவத்தி வெச்சி ஒட்டினதை நான் எதுக்குக் கலைக்கணும்?"

"நீங்க சொல்லாம இருக்கறது எத்தினி நாளைக்கு?"

கூடத்திலிருந்து குமுதா கூப்பிட்டாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

தட்டு மாற்றினார்கள். அதன்பின் மடி நிரப்ப வேண்டும். பச்சையாக வந்த முளைகளை வேரோடு பிடுங்கி மணப்பெண்ணின் மடியில் இடுவது இந்தச் சில வருஷங்களில் ஏற்பட்ட வழக்கம். ஆனால் காலங்காலமாக நடப்பது போல எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். மோனிஷா மணையில் உட்கார்ந்தாள்.

"பெரிய பொண்ணு, அந்த முந்தானை நுனியைக் கொஞ்சம் புடிச்சிக்கோ" என்றாள் சகுந்தலா. "ஒண்ணுகூடக் கீழ விழக் கூடாது."

சங்கவி மண்டியிட்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். சகுந்தலா இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். நீளமான, நல்ல வெள்ளை வேர்கள். ஈரம் புடவையில் பரவியது.

"அடுத்த வருசம் இதே மடியில என் பேரன் உக்காரணும்" என்றாள் சகுந்தலா.

மோனிஷா தலையைக் குனிந்தபடி சிரித்தாள். யார் பார்த்தாலும் வெட்கம் என்றுதான் சொல்வார்கள். குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரஞ்சித் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான்.

மடி நிறைந்தது. கடைசிப் பிடியைப் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது சகுந்தலா சங்கவியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் சங்கவியின் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"நீ இன்னைக்கு வாயைத் தொறக்காம இருந்தே பாரு, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன் கண்ணு."

பேரன் வராத வருஷங்களில்கூட மறக்கமாட்டாள் என்று சங்கவிக்கும் தெரியும். அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.